கீரியைப் பேர் சொல்லி அழைத்தவள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஐந்து ஓநாய்கள் குழியில் விழுந்து மறைந்திருந்தன. அடுப்படியில் வெங்காய பஜ்ஜியை எண்ணெயிலிருந்து அரித்து எடுத்துக்கொண்டே ரூத் எண்ணி வைத்திருந்தாள். யாரும் அவளை எண்ணச் சொல்லவில்லை. பேசுகிறவர்கள் நடுவே பேசாமல் நிற்கும் ஆளுக்குக் காதுதான் பொழுதுபோக்கு.

அணுபுரம் குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு அது. ரோஹித் பக்கத்து அணுமின் நிலையத்தில் பொறியாளர். அவன் மனைவி ஹரிப்ரியா வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்ப்பவள். இருவரும் கோயமுத்தூர்க்காரர்கள். ரூத் மூன்று வருடமாக அங்கே காலைச் சமையல் செய்கிறாள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. ஆனால் அன்றைக்கு ஆட்கள் கூடுகிறார்கள், பலகாரம் மட்டும் போட்டுத் தர முடியுமா என்று ஹரிப்ரியா கேட்டதால் கோயில் ஆராதனை முடிந்ததும் வந்திருந்தாள்.

ஆட்கள் கூடியது ஒரு விளையாட்டுக்காக. சாப்பாட்டு மேசைமேல் கட்டம் போட்ட பெரிய தாள். அதன்மேல் புளியங்கொட்டைகளும் சட்டைப் பித்தான்களும். ஒவ்வொருவரும் ஒரு வீரன் அல்லது வீராங்கனையாக இருந்து பேச வேண்டும். எதிரே என்ன இருக்கிறது, காடா குகையா பகைவனா என்று ரோஹித் சொல்வான். அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். கதையை நடத்திக்கொண்டு போவதால் ரோஹித்துக்கு அந்த மேசையில் கண்டக்டர் என்று பெயர்.

ஓநாய்களைக் குழியில் விட்டவர் ராஜாராம். ரோஹித்தின் நிலையத்திலேயே பெரிய பதவி, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம், திருநெல்வேலிக்காரர். விளையாட்டில் அவர் வீரசிம்மன் என்ற போர்வீரன். கையில் ஓர் அழைப்பு மோதிரம் வைத்திருந்தார். மோதிரத்தைத் திருகினால் ஓர் ஓநாய் வரும். தரையில் பொறி இருக்கிறதா என்று பார்க்க அவர் ஓநாயை முன்னால் விட்டார். விழுந்தால் அடுத்தது. ஆறாவது ஓநாயை அவர் அழைத்தபோது ரூத் பஜ்ஜித் தட்டோடு மேசையருகே வந்து நின்றாள். வாய் தன்னால் திறந்துகொண்டது.

"அந்த ஓநாய் வரதுக்கு முன்னாடி இன்னா பண்ணிகினு இருந்துச்சு சார்?"

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவள் அந்த வீட்டில் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான். ரூத்துக்குக் காதுமடல் சுட்டது. தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிடலாம் என்று பார்த்தாள்.

"ஒண்ணும் பண்ணல. கூப்பிட்டா வரும், விழுந்தா போயிரும். பல்பு மாதிரிம்மா," என்றார் ராஜாராம்.

"அப்போ இது புது ஓநாயா, மொதல்ல வுழுந்ததேவா?"

ரோஹித் பேனாவைக் கீழே வைத்தான். இந்த உலகத்தை உருவாக்கி இத்தனை காலமாகிறது, ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை என்றான். அவனிடம் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. அவன் கட்டிய உலகத்தின் சட்டங்கள் எல்லாம் அதில்தான். அங்கேயே உட்கார்ந்து யோசித்து, சொல்லிச் சொல்லி எழுதினான். அழைத்தால் வரும் உயிர்களுக்கு ஓர் ஊர் இருக்கிறது. பெயர் அப்பால்வெளி. அங்கே அவை தம்பாட்டுக்குத் திரிகின்றன. எல்லாவற்றுக்கும் ஒன்றன் பேச்சு மற்றதற்குப் புரியும். அழைத்தவனின் சொல்லுக்கு இங்கே வருகின்றன, இங்கே விழுந்தால் அங்கே போய் எழுகின்றன.

"வலிக்குமா?" என்று ரூத் கேட்டாள்.

ரோஹித் சிறிது தயங்கி, வலிக்கும் என்று எழுதினான். ஞாபகமும் இருக்கும் என்று அடுத்த வரியில் எழுதினான். ராஜாராம் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "கெட்டுது போ. இனி ஓநாய்க்கெல்லாம் பி.எஃப். பிடிக்கச் சொல்லுவா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரூத்தும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மேசைக்கு நான்கு நாற்காலி. நான்காவது ஆள் மும்பைக்கு மாற்றலாகிப் போய்விட்டதால் அது காலியாகக் கிடந்தது. அடுத்த ஞாயிறு ரூத் வந்து அடுப்படிக்குத் திரும்பியபோது ஹரிப்ரியா அவள் கையைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"சமையல் மேடம்?"

"இன்னைக்கு எல்லாம் குக்கர் சாதந்தானுங்க. நாங்களே வெச்சுக்குவோம். நீங்க உக்காருங்க."

ரூத் நாற்காலியின் நுனியில், குக்கர் கூப்பிட்டால் எழுந்து ஓடும் பாவனையில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. வாயலூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விடை தெரிந்தாலும் எழுந்து சொல்லமாட்டாள். வாத்தியார் மற்ற பிள்ளைகளைக் கேட்டுவிட்டு அவளைத் தாண்டிப் போய்விடுவார். ஒரு நடவுப் பருவத்தில் அம்மா ஞானம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. அம்மாவின் இடத்தில் ஒரு வாரம் வயலில் இறங்கியவள் பிறகு வகுப்புக்குத் திரும்பவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டும் யாரும் வரவில்லை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வீட்டு வேலை என்று வருடங்கள் ஓடின. கணவன் ஸ்டான்லி சதுரங்கப்பட்டினத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நல்ல மனிதன். ஆனால் வாய் நீளம்.

"கோயில்லேர்ந்து நேரா மந்திரவாதி வூட்டுக்குப் போறியாமே. நாளைக்கு ஆண்டவரு கேட்டா இன்னா சொல்லுவ?"

"கீரியத்தான் கூப்ட்டேன், பேயக் கூப்டலன்னு சொல்லுவேன்," என்றாள் ரூத். வீட்டில் அவளுக்கும் வாய் உண்டு.

கீரிதான் அவளுக்குக் கிடைத்தது. அவள் எடுத்துக்கொண்ட வேடம் அழைப்பாளி. ஆயுதம் கிடையாது. உடம்பில் ஒன்பதே உயிர்ப்புள்ளி. ஒன்பதும் கரைந்தால் சாவு. தொடக்கத்தில் எலி, காகம், கீரி மூன்றில் ஒன்றைத்தான் அழைக்க முடியும். வேடத்துக்குச் செவந்தி என்று பெயர் வைத்தாள். கீரிக்கு நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும் என்று ரோஹித்திடம் சொல்லி, அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள். கீரிக்கெல்லாம் பெயர் தேவையா என்று ராஜாராம் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து அவள் அழைத்ததெல்லாம் அந்த ஒரே கீரியை.

அழைப்பதிலும் அவளுக்கு ஒரு முறை இருந்தது. மற்றவர்கள் ஓநாய் வா, கழுகு வா என்று அழைத்து ஏவிவிடுவார்கள். ரூத் முதலில் பெயரைச் சொல்வாள். பிறகு வேலையைச் சொல்வாள். பிறகு எதுவரைக்கும் என்று சொல்வாள். "பொட்டு, அந்தக் கதவுக்குக் கீழ பூந்து உள்ள எத்தினி பேருன்னு பாக்கணும். பாத்து வந்து சொன்னதும் கரையேறலாம்." கீரி வந்து சொன்னதும், செவந்தியின் அழைப்பு தாங்கும் ஒரு மணி நேரத்தில் மிச்சமிருந்தாலும், "கரையேறு பொட்டு" என்று அனுப்பிவிடுவாள். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறதே, வீணாகிறதே என்று ராஜாராம் தலையில் அடித்துக்கொள்வார்.

அது என்ன கரையேறு என்று ஹரிப்ரியா ஒருநாள் கேட்டாள். ரூத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அவள் தெருப் பெண்களை முன்பெல்லாம் நடவுக்கு அழைக்க நிலக்காரரின் ஆள் பெரிய ரோட்டிலேயே நின்று கையைத் தட்டுவானாம். நாலு ஆள் வா, ஆறு ஆள் வா என்பானாம். எந்தக் கழனி, எதுவரை என்று சொல்லமாட்டான். நடவு வரிசையில் முதல் ஆள் ஞானம்மாள். ஒரு வருடம் அவள்தான் இப்படியெல்லாம் வர முடியாது என்று சொன்னாள். தெருவுக்குள் வந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எந்த வேலை, எதுவரைக்கும் என்று சொல்ல வேண்டும், முடிந்ததும் கரையேறுங்க என்று வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கால் சேற்றில் இறங்காது. நடவு முடிய நாள் நெருங்கியதால் அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் ஒருநாள் சொல்ல மறந்து மோட்டார் சைக்கிளில் செங்கல்பட்டுக்குப் போய்விட்டான். பொழுது சாய்கிறது. பெண்கள் சொல் வராமல் சேற்றில் நிற்கிறார்கள். சொல்லாமல் ஏறினால் நாளைக்கு வேலை இல்லை என்று பயம். ஞானம்மாள் வரிசையைத் திரும்பிப் பார்த்து, நான் ஏறுகிறேன், வருகிறவர்கள் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். பதினோரு பெண்கள் ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வரப்பில் ஏறினார்கள். மறுநாள் யாருக்கும் வேலை போகவில்லை.

ரோஹித் அதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எதுவரைக்கும்னு சொல்லாம ஒருத்தன் கூப்பிட்டுட்டு, அவனே செத்துப்போனா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டான். நோட்டில் என்னவோ எழுதினான். வாசித்துக் காட்டவில்லை.

அந்த மேசையில் இன்னொரு வழக்கமும் உண்டு. பகடை கைக்கு வந்துவிட்டால் சார், மேடம் கிடையாது. வேடத்தின் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும். தன்னைவிட இருபது வயது மூத்த ராஜாராமை வீரசிம்மா என்று கூப்பிட ரூத்துக்கு மாதக்கணக்காக நாக்கு எழவில்லை. "சார்… வீரசிம்மன் சார்" என்பாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பாம்பு வந்த ஞாயிறுதான் அவள் பெயர் அந்த நோட்டில் ஏறியது. பகைவன் ஒருவன் மந்திரத்தால் ஒரு மலைப்பாம்பை அழைத்து விட்டான். அது ஹரிப்ரியாவின் வில்லாளி மின்னல்கொடியைச் சுற்றி நெரித்தது. ரூத் பொட்டை அழைத்தாள். பொட்டு பாம்பின் கழுத்தைக் கவ்விக்கொண்டது. அவ்வளவு பெரிய பாம்பை ஒரு கீரி கொல்ல முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ரூத், "கரையேறு பொட்டு" என்றாள்.

ரோஹித் திகைத்தான். கீரிக்குக் கதவு திறக்கிறது. அதன் பல்லில் இருக்கும் பாம்பும் அதே ஊரிலிருந்து அழைக்கப்பட்டதுதான். கூடவே போகுமா, போகாதா?

ராஜாராம் விடவில்லை. "அப்போ கோட்டையக் கடிச்சா கோட்டையும் போயிருமா வே?" என்றார். கோட்டை அழைப்பில் வந்ததல்லவே என்றான் ரோஹித். அரை மணி நேரம் வாதம் நடந்தது. அலுவலகத்தில் பாதுகாப்பு விதிகளை எழுதுகிற கை ராஜாராமுடையது. கடைசியில் அவரே வாசகத்தைச் சொல்ல, ரோஹித் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதினான்: அழைப்பில் வந்த ஓர் உயிர் திரும்பும்போது, அதைப் பிடித்திருக்கும் அல்லது அது பிடித்திருக்கும் இன்னோர் அழைப்புயிரும் உடன் செல்லும். சம்மதம் இல்லாத உயிர் என்றால் பகடையில் பதினைந்தோ அதற்கு மேலோ விழ வேண்டும். சம்மதம் உள்ள உயிருக்குப் பகடை தேவையில்லை.

பாம்புக்குச் சம்மதமில்லை. ரூத் பகடையை உருட்டினாள். பதினேழு விழுந்தது. ஹரிப்ரியா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ரோஹித் விதிக்குத் தலைப்பாக, செவந்தியின் விதி என்று எழுதி அடிக்கோடு போட்டான். அன்று ஷேர் ஆட்டோவில் வீடு போகிறவரை ரூத் அந்தப் பதினேழை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி இவளைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

குடியிருப்பின் வாசலில் ஒரு பதிவேடு உண்டு. உள்ளே வேலைக்கு வருகிறவர்கள் எழுத வேண்டும். பெயர், வீட்டு எண், என்ன வேலை, திரும்பும் நேரம் என்று நான்கு பத்தி. காவலுக்கு இருந்த பன்னீர்செல்வம் அச்சரப்பாக்கத்துக்காரர். ஒவ்வொரு ஞாயிறும் ரூத் மூன்றாவது பத்தியில் சமையல் என்றே எழுதினாள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கெளமகூட லீவு வுட மாட்டாங்களாம்மா ஒன்ன?" என்று அவர் வருத்தப்படுவார். ரூத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

கதை முடிவை நெருங்கும்போது ராஜாராம் ஒரு பேச்சைக் கொண்டுவந்தார். அவர் பிரிவுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். கல்லூரியிலிருந்தே இந்த விளையாட்டில் ஊறியவர். சேர்த்துக்கொள்ளலாமா? நாற்காலி நாலுதான், நோட்டும் தாளும் பரப்பியபின் ஐந்தாவது ஆளுக்கு மேசையில் இடமில்லை என்றான் ரோஹித். அப்படியானால் யாருடைய வேடம் சாகிறதோ அவர் இடத்தைப் புதியவருக்குக் கொடுப்போம், இது எல்லோருக்கும் பொது என்றார் ராஜாராம். ஹரிப்ரியா முகத்தைச் சுளித்தாள். ஆனால் பொதுவான விதியை என்ன சொல்லி மறுப்பது?

பொதுதான். ஆனால் வீரசிம்மனுக்கு எண்பது உயிர்ப்புள்ளி, மின்னல்கொடிக்கு நாற்பத்தைந்து, செவந்திக்கு ஏறி இறங்கி அதே ஒன்பது. ராஜாராமுக்கு அவள்மேல் பகை எதுவும் இல்லை. அவர் கணக்குப் பார்த்தார், அவ்வளவுதான். ரூத்துக்கும் அந்தக் கணக்கு தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போனவள் சாப்பிடவில்லை. ஸ்டான்லி காரணம் கேட்டான். சொன்னாள்.

"ஒரு நாற்காலிக்கா இவ்ளோ பேஜாரு?"

"அதுல ஒக்காந்தாத்தான் எனக்குப் பேச வருதுய்யா," என்றாள் ரூத்.

ஸ்டான்லி அதற்கு மேல் கேலி செய்யவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனே அவளை ஆட்டோவில் வாசல்வரை கொண்டுவந்து விட்டான். அதுதான் கடைசி ஆட்டம்.

கருங்கோட்டையின் உள்மண்டபம். கோட்டைக்காரன் மந்திரத்தில் கைதேர்ந்தவன், அவன் அழைப்புக்கு மணிக்கணக்கு கிடையாது. ஏழு வருடத்துக்கு முன்னால் அப்பால்வெளியிலிருந்து ஒரு கல்யானையை அழைத்து, கோட்டை கட்டக் கல் சுமக்க வைத்திருந்தான். இப்போது அது அவன் பின்னால் கூரை முட்ட நின்றது. கட்டத் தாளில் யானைக்காக ரோஹித் ஒரு முழு அம்மிக்குழவியையே தூக்கி வைத்தான்.

ராஜாராம் திட்டம் சொன்னார். யானையைத் தொட வேண்டாம். கோட்டைக்காரனை மட்டும் அடிப்போம். மூலமான அவன் போனால் எல்லாம் நின்றுவிடும். "சிம்பிள். டிரிப் ஆனா முடிஞ்சுது," என்றார்.

"வீரசிம்மன் சார், அத எதுவரைக்கும்னு சொல்லிக் கூப்ட்டாங்களான்னு மொதல்ல கேட்டுக்கலாமே," என்றாள் ரூத். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அதை எவன் கேட்டுக்கிட்டு இருப்பான்?" என்று அவர் பகடையை உருட்டினார். பத்தொன்பது. கோட்டைக்காரன் ஒரே வெட்டில் விழுந்தான். ராஜாராம் இரண்டு கையையும் தூக்கினார்.

ரோஹித் நோட்டைப் புரட்டினான். பன்னிரண்டாம் பக்கத்தில் நின்று வாசித்தான். எதுவரை என்று சொல்லி அழைக்கப்பட்ட உயிர், அழைத்தவன் விழுந்தாலும், சொன்ன நேரத்தில் திரும்பிவிடும். எதுவரை என்று சொல்லாமல் அழைக்கப்பட்ட உயிருக்குத் திரும்பும் வழி இல்லை. அழைத்தவன் விழுந்தால் அது யார் சொல்லுக்கும் கட்டுப்படாது.

"யானை போகல," என்றான். "பிளிறுது."

ராஜாராம் ஒத்துக்கொள்ளவில்லை. மூலத்தை வெட்டிய பிறகு எப்படி நிற்கும் என்றார். இது என்ன நியாயம் என்றார். ரோஹித் அமைதியாகக் கேட்டான்:

"சார், உலையை நிறுத்தினதுக்கு அப்புறமும் நாம ஏன் நாள்கணக்கா தண்ணி ஓட்டிட்டே இருக்கறோம்?"

நிறுத்தினாலும் உள்ளே சூடு உடனே அடங்காது என்பது ராஜாராமுக்குத் தெரியாததல்ல. முப்பது வருடமாக மற்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

யானை தும்பிக்கையை வீசியது. வீரசிம்மன் சுவரில் மோதி நினைவிழந்து விழுந்தான். இரண்டே உயிர்ப்புள்ளி மிச்சம். மின்னல்கொடியின் அம்புகள் கல்லில் பட்டுச் சிதறின. அவளும் ஒரு தூணுக்கடியில் கால் மாட்டி, பத்தே புள்ளியோடு கிடந்தாள். அடுத்த மிதி எல்லோர் மேலும் விழும் என்றான் ரோஹித். மிதிக்குக் குறைந்தது பன்னிரண்டு புள்ளி சேதம். அதற்கு முன்னால் ஒரே ஒருவருடைய முறை பாக்கி இருந்தது. செவந்தி கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். அவள் இந்த முறையில் கதவைத் தாண்டினால் தப்பிவிடலாம். மற்ற இருவரும் செத்துப்போவார்கள்.

"ஓடிடுங்க ரூத்," என்றாள் ஹரிப்ரியா. வேடப் பெயரை மறந்து சொன்னாள். "நீங்களாச்சும் இருங்க."

ராஜாராம் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரூத் ஓடினால் வீரசிம்மன் சாவான், அவர் நாற்காலிக்குக் கோபாலகிருஷ்ணன் வந்துவிடுவார்.

ரூத் கட்டத் தாளைப் பார்த்தாள். கதவு இரண்டு கட்டம் தள்ளி. நாற்காலி பத்திரம். அதற்கு அவள் வாயே திறக்க வேண்டாம், புளியங்கொட்டையை நகர்த்தினால் போதும். அவள் பார்வை அம்மிக்குழவிக்குப் போனது. ஏழு வருடம் கல் சுமந்தது. கூப்பிட்டவன் போய்விட்டான். ஏறு என்று சொல்ல ஆள் இல்லை. பொழுது சாய்ந்த பிறகும் சேற்றிலேயே நிற்கிறது. கோபப்படாமல் என்ன செய்யும்?

நாற்காலியின் நுனியிலிருந்து அவள் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பொட்டு," என்றாள். "அந்த யானகிட்ட ஒரு சேதி சொல்லணும். சொல்லி முடிச்சி, அது பதில் சொன்னதும் கரையேறலாம்."

கீரி வந்தது என்றான் ரோஹித். என்ன சேதி என்று கேட்டான்.

"வேல முடிஞ்சுதுன்னு சொல்லு. கூப்ட்டவன் சொல்ல மறந்துட்டான், நாங்க சொல்றோம்னு சொல்லு. நான் வூட்டுக்குத்தான் போறேன், வரதுன்னா என் வாலப் புடிச்சிக்கோன்னு சொல்லு."

அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. ரூத் எழவில்லை. யாரும் எழவில்லை. இரண்டாவது விசில் வந்தது. நினைவிழந்து கிடக்கும் வீரசிம்மனுக்கு ஆட்டத்தில் செய்ய வேலை எதுவும் இல்லை. ராஜாராம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். வந்தவர் உட்காராமல் ரோஹித்தின் தோளுக்கு மேலாக நோட்டைப் பார்த்தார். நாற்பத்தொன்றாம் பக்கம். அவரே சொல்லி எழுதவைத்த வாசகம்.

"பதினைஞ்சு விழணும்," என்றான் ரோஹித். பகடையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அது சம்மதம் இல்லாததுக்கு," என்றாள் ரூத். இப்போது குரல் அறை முழுக்கக் கேட்டது. "அதுக்குச் சம்மதமா இல்லையான்னு இன்னும் ஒருத்தரும் கேக்கல. கேளு கண்டக்டரே."

விலங்குகளுக்கெல்லாம் அந்த மேசையில் பேசுபவன் ரோஹித்தான். யானையாக இருந்து அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ராஜாராமின் கை அவனது நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது. இதில் தொங்குவது தன் வேடத்தின் உயிர்தான் என்றாலும், அவர் அவனுக்குப் பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஏழு வருஷமா," என்றான் ரோஹித் மெதுவாக, கனத்த குரலில், "யாரும் சொல்லலையே."

கல்யானை காலை இறக்கியது. தும்பிக்கையை நீட்டி, நூலைப் பிடிப்பதுபோல அந்தச் சின்ன வாலைப் பிடித்துக்கொண்டது.

"கரையேறு பொட்டு," என்றாள் ரூத்.

ரோஹித் அம்மிக்குழவியை இரண்டு கையாலும் தூக்கி மேசைக்குக் கீழே வைத்தான். பகடை உருட்டப்படாமல் அப்படியே கிடந்தது. ஹரிப்ரியா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ரூத்தின் வாய் ஓயவில்லை. அவள் முறை இன்னும் முடியவில்லை.

"மின்னல்கொடி, காலை உருவிக்கோ. மருந்துக் குடுவை எங்கிட்ட கீது. வீரசிம்மா, வாயத் தொற."

ராஜாராம் அவளைப் பார்த்தார். பிறகு, உண்மையாகவே, வாயைத் திறந்தார். ரூத் மேசையோரத் தட்டிலிருந்த வெங்காய பஜ்ஜி ஒன்றை எடுத்து அதில் திணித்தாள். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்து முடிந்ததும் ராஜாராம் அங்கிருந்தே போன் போட்டார். "கோபாலகிருஷ்ணன், இப்போதைக்கு இடம் ஒண்ணும் காலி இல்லப்பா. யாரும் சாகல," என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, "அதைச் சொன்னா உனக்குப் புரியாது. கீரி," என்று வைத்துவிட்டார்.

அடுத்த கதை மறு ஞாயிறே தொடங்குவதாக முடிவானது. ராஜாராம் தன் பழைய மோதிரத்தையே வைத்துக்கொண்டார். ஆனால் முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் ரோஹித்துக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய ஓநாய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது. முதலில் விழுந்த ஓநாய்தான் இது என்று நோட்டில் குறித்துக்கொள்ளவும் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு ரூத் குடியிருப்பு வாசலில் பதிவேட்டின் முன்னால் நின்றாள். பன்னீர்செல்வம் பேனாவை நீட்டினார். பெயர் எழுதினாள். வீட்டு எண் எழுதினாள். மூன்றாவது பத்தியில் பேனா நிற்கவில்லை. விளையாட என்று எழுதினாள். திரும்பும் நேரம் என்ற இடத்தில், நானாகக் கிளம்பும்போது என்று எழுதினாள். எட்டாம் வகுப்பில் வாத்தியார் பார்க்காமல் விட்ட அதே குண்டு குண்டான எழுத்து.

பன்னீர்செல்வம் பதிவேட்டைத் திருப்பி வைத்து வாசித்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"இன்னாம்மா வெளையாட்டு?"

ரூத் தலையைக் குனியவில்லை.

"ஒக்காந்து சொல்லணும் அண்ணாத்த. வரப்போ சொல்றேன்," என்றாள். மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினாள். மேலே யாரோ செவந்தி வந்தாச்சா என்று கேட்பது படியிலேயே அவளுக்குக் கேட்டது.